மீன் தொட்டிப் பாசிக்கு மாத்திரையும் மயில்துத்தமும்: நாம் விற்கலாமா?



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, மருந்துக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு சங்கதி சொன்னார். ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பையன் வந்து எரித்ரோமைசின் மாத்திரை இரண்டு அட்டை கேட்டானாம். யாருக்கப்பா உடம்பு சரியில்லை, டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, "மீனுக்குங்க" என்றானாம். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்தில் நின்ற நாட்டு மருந்துக் கடைக்காரர், "என்கிட்டே மயில்துத்தம் கேட்டு வந்தாங்களே, அதுவும் மீன் தொட்டிக்குத்தானே" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதே தொட்டிக்காக ஐந்து கிலோ கல் உப்பை எடைபோட்டுக் கொடுத்தவன் நான்தான்.

மூன்று கடைகளிலிருந்து மூன்று சரக்குகள் போய் ஒரே தொட்டியில் விழுந்திருக்கின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வாங்கியவருக்குத் தன் மீன் பிழைக்க வேண்டும்; விற்ற நமக்கு வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. ஆனாலும் அந்த மூன்றில் ஒன்றுகூட அந்தத் தொட்டிக்கு உதவாது. இரண்டு சரக்குகள் அதைக் கொன்றே விடும். இதை நம் சங்கப் பத்திரிகையில் எழுதியே ஆக வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

மளிகைக்காரருக்கும் கடல் மீன் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இப்போது நகைக்கடை, ஜவுளிக்கடை, ஓட்டல் என்று எங்கே போனாலும் வாசலில் மீன் தொட்டி. முன்பெல்லாம் தங்கமீனும் கப்பியும் நீந்தின. அவை நன்னீர் மீன்கள். சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து பாலித்தீன் பையில் வந்து இறங்கும். சாதாரணத் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும். இப்போது சிலருக்கு ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும், நீல நிறக் கடல் மீன் வேண்டும். குழந்தைகள் சினிமாவில் பார்த்துவிட்டுத் தொட்டி முன்னால் நின்றால் பெற்றோர் கடைக்குள் வருவார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. நானும் அதே கணக்கைப் போட்டவன்தான்.

சென்னை மெரினாவில் 1909-லேயே கடல் மீன் காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே எதிரிலேயே கடல். தண்ணீர் கெட்டால் மாற்ற வழியிருந்தது. நம் தருமபுரியிலிருந்து சென்னைக் கடற்கரை சுமார் 300 கிலோமீட்டர். ஆகவே இங்கே கடலை நாம்தான் தயாரிக்க வேண்டும். முதல் தவறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

உப்பைப் பற்றி மளிகைக்காரருக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கள் கொண்டது. அதில் சாப்பாட்டு உப்பின் கூறுகளான சோடியமும் குளோரைடும் சேர்ந்து நூற்றுக்கு 85 பங்கு. மீதிப் பதினைந்து பங்கில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் என்ன நடக்கிறது? பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து ஒதுங்கிவிடும். அப்புறம்தான் உப்பு பூக்கும். உப்பை வாரியெடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடும். நம் கடைக்கு மூட்டையில் வருவது நடுவில் எடுத்த அந்த உப்பு மட்டுமே. அதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும்; கடல் கிடைக்காது. சாம்பாரில் புளியை மட்டும் எடுத்து வந்து தண்ணீரில் கரைத்தால் சாம்பார் ஆகிவிடுமா?

கடல் மீனுக்கென்று எல்லாக் கூறுகளும் கலந்து பாக்கெட்டில் வரும் செயற்கைக் கடல் உப்பு தனியாக இருக்கிறது. நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ வேண்டும். விலை நம் கல் உப்பைப் போலப் பல மடங்கு. அதனால்தான் "இதுவும் உப்பு, அதுவும் உப்பு" என்று வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். இனி என் கடையில் அப்படி யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஐந்து கிலோ கல் உப்பில் எனக்கு என்ன லாபம் வந்துவிடப் போகிறது!

இனி பாசிக்கு வருவோம். என் கதையைச் சொன்னால்தான் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் நூற்றைம்பது லிட்டர்த் தொட்டியும், இரண்டு கோமாளி மீனும், நாலு சின்ன நீல மீனும் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் ஒரே நாளில் தண்ணீர் கலக்கி, அன்று மாலையே மீனையும் விட்டுக் கொடுத்தார். நான்காம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப்போல வெளுத்துக் கலங்கியது. ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார், ஊற்றினேன். மூன்று மீன் செத்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகத் தூசி படிந்தது. இன்னொரு பாட்டில். இரண்டாம் மாதம் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்தது. மூன்றாவது பாட்டில். அப்புறம் மணலின் மேல் கருஞ்சிவப்பாகக் கெட்டியான சளி படர்ந்தது. கையால் இழுத்தால் வேட்டி மடிப்பைப்போலத் தகடாக உரிந்து வரும், மறுநாள் காலையில் திரும்பப் படர்ந்திருக்கும். பாட்டில்களுக்குக் கொடுத்த பணம் தொட்டிக்குக் கொடுத்ததைத் தாண்டியபோது தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். ஒரு மீனும் மிஞ்சவில்லை.

நான் பார்த்த நான்கும் நான்கு வேறு வேறு சங்கதிகள் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நான்குக்கும் ஒரே வேர்.

மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கடலிலும் குளத்திலும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் ஒருவகை பாக்டீரியா உண்டு. அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் இன்னொருவகை உண்டு. நைட்ரேட்டில் அவ்வளவு விஷமில்லை. இந்த இரண்டு பாக்டீரியாக்களும் கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடக் கூடாது; விட்டால் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. எனக்கு மாலையிலேயே ஆறு மீன் விட்டுக் கொடுத்தவர் ஒன்று இதைத் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் சரக்கைத் தள்ளியவராக இருக்க வேண்டும். எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான்காம் நாள் வெளுத்தது, மிதமிஞ்சிய இரையைத் தின்று திடீரென்று பெருகிய வேறு பாக்டீரியாக்களால். அவை தண்ணீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கு மருந்தே தேவையில்லை. இரையை நிறுத்திக் காற்றுக் குமிழியைக் கூட்டினால் சில நாளில் தானே தெளியும். பழுப்புத் தூசி டயாட்டம் என்னும் நுண்பாசி. தண்ணீரில் கரைந்துள்ள சிலிகேட்டைக் கொண்டு தனக்குக் கூடு கட்டும் உயிர் அது. புதுத் தொட்டியில் வரும்; சிலிகேட் தீர்ந்தால் போகும். பச்சை மயிர்தான் உண்மையான பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சமும் சேர்ந்தால் முளைக்கும். வயலுக்கு உரம் வாங்கிப் போடுகிறோமே, அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். தொட்டியில் உரத்தைப் போட்டு, மேலே விளக்கையும் எரியவிட்டு, பயிர் வளர்கிறதே என்று கவலைப்பட்டால் எப்படி?

அந்தச் சிவப்புச் சளி பாசியே அல்ல. அது சயனோ பாக்டீரியா. நெல் வயலில் உரமாகப் போடுகிறார்களே நீலப்பச்சைப் பாசி, அதன் உறவு. உர வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. பெயரில் பாசி இருந்தாலும் குணத்தில் பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலையில், அழுக்கு தங்கும் மணலில் அது படரும். பாக்டீரியா என்பதால்தான் ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு அந்தப் பையன் மருந்துக்கடைக்கு வந்தான். யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எரித்ரோமைசின் அந்தச் சளியைக் கொல்லும் என்பது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. பிறகு நடப்பதை யாரும் சொல்வதில்லை. மொத்தச் சளியும் ஒரே நேரத்தில் செத்து அழுகும். அழுகுவதற்குப் பிராணவாயு போகும். அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவுக்கும் அடி விழலாம். அழுகியதெல்லாம் திரும்ப உரமாகத் தண்ணீரிலேயே கரையும். ஒரு மாதத்தில் சளி திரும்பி வரும், அல்லது பச்சை மயிர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே கொட்டும் மருந்துத் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? ஆன்டிபயாடிக்கை இப்படி அளவில்லாமல் கொட்டினால் நோய்க் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் மனிதனுக்கு வரும் நோய்க்கு அதே மாத்திரை கேட்காது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை விற்பது சட்டப்படியும் தவறு. நம் உறுப்பினர் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். அவரைப் பாராட்ட வேண்டும்.

மயில்துத்தம் அதைவிட மோசம். அது செம்பு உப்பு. பாசியைக் கொல்லும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு, தனித் தொட்டியில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, அளந்து பார்க்கும் கருவியோடு செம்பு மருந்து கொடுப்பது உண்டு. நம் கடையிலிருந்து பொட்டலம் கட்டி வாங்கிப் போனவர் கருவி வைத்திருப்பாரா? ஒரு சிட்டிகை கூடினால் மீனும் போகும். இறாலுக்கும் நத்தைக்கும் மிகக் குறைந்த அளவே எமன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்த நத்தைதான்! அதோடு தீர்ந்ததா என்றால் அதுவுமில்லை. செம்பு கல்லிலும் மணலிலும் ஊறிக்கொள்ளும். அப்புறம் பல மாதம் அந்தத் தொட்டியில் நத்தையை விட முடியாது.

தொட்டியில் நடப்பது நம் மாவட்டத்தைச் சுற்றி ஆற்றிலும் அணையிலும் பெரிய அளவில் நடப்பதுதான். 2004-க்கு முன் நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பத்திரிகைகளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வரும் தண்ணீர் அது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. அணைத் தண்ணீர் பச்சையாகி நாறுவதை விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு யார் எந்தப் பாட்டில் மருந்தை ஊற்ற முடியும்? மேலிருந்து வரும் சத்தைக் குறைத்தால்தான் பச்சை குறையும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆற்றில் நுரை நோயின் அறிகுறி. கடல் மீன் தொட்டியில் நுரைதான் வைத்தியம். உப்புத் தண்ணீரில் மெல்லிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் கரைந்திருக்கும் அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக வரும். அதை ஒரு கிண்ணத்தில் பிடித்து வெளியே கொட்டும் கருவிக்கு ஸ்கிம்மர் என்று பெயர். அழுக்கு அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே வெளியேறிவிடுகிறது. கடல் மீன் வளர்க்கிறேன் என்று வருபவர் விளக்குக்குச் செலவழிப்பதில் பாதியை இந்தக் கருவிக்குச் செலவழித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கிண்ணத்தில் சேரும் காபி நிறத் தண்ணீரை ஒருமுறை முகர்ந்து பார்த்தவர் அப்புறம் மீனுக்கு இரையை அள்ளிப் போட மாட்டார்!

கடலுக்கே இந்தத் தொல்லை உண்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன; ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரின் வேலை அது. அடுத்த மாதமே பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவில் அதே உயிர் பெருகிக் கடல் பச்சையாகி, செத்த மீன்கள் கரையில் ஒதுங்கின. அத்தனை பெரிய கடலே ஒரு உயிர் மிதமிஞ்சிப் பெருகினால் மூச்சுத் திணறுகிறது. நூற்றைம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்?

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நம் தொழிலில் செய்வதையேதான். வரவையும் பற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் போவது என்ன, வெளியே வருவது என்ன?

உள்ளே போவதில் முதலிடம் இரைக்கு. ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும். கடையில் தொட்டி வைத்தவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. முதலாளி ஒரு சிட்டிகை, பையன் ஒரு சிட்டிகை, வந்த குழந்தை ஒரு சிட்டிகை. டப்பாவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள். ஐஸில் உறைந்த இரை வாங்கினால், உருகி வரும் நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். பாஸ்பேட் அதிலும் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உப்பும் கடினமும் ஃபுளோரைடும் கொண்ட தண்ணீர். ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட குடும்பங்கள் எத்தனை! அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-ல் கொண்டுவந்தார்கள். பல கிணறுகளில் உரம் ஊறி நைட்ரேட்டும் இருக்கும். அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கலந்தால் முதல் நாளே பாசிக்குச் சோறு போட்டாயிற்று. குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். நல்ல பாக்டீரியாவை அது கொல்லும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். குடியேறிய பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். தப்பு. வற்றல் குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா? நீர்தான் போகும், உப்பு போகாது. குறைந்ததற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். சித்திரை வைகாசியில் நம் கடைகளுக்குள் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத் தங்கும். சளி மட்டும் குஷியாக வளரும். இருபத்தாறு, இருபத்தேழு டிகிரியில் வைக்க முடியாதவர் கடல் மீன் ஆசையை விட்டுவிடுவது நல்லது. மின்வெட்டையும் மறந்துவிட வேண்டாம். காற்றுப் பம்பு சில மணி நேரம் நின்றாலும் கஷ்டம்தான்.

வெளிச்சம் எட்டு மணி நேரம் போதும். கடை திறந்ததிலிருந்து இரவு பத்து வரை எரிய வேண்டியதில்லை. வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்கவே கூடாது. நாம் கடை வாசலில் வெயிலில் அடுக்கும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் அடியில் பச்சை கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி வைத்தால் பச்சை கட்டுவதில்லை. அதே காரணம்தான். (கேன்களை நிழலுக்கு மாற்றுங்கள் என்று இதே பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். மாற்றியவர்கள் குறைவு.)

வெளியேற்றுவது எப்படி? வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்த கடல் நீரை ஊற்றுவது. நூறு லிட்டர்த் தொட்டியென்றால் பத்து லிட்டர், அதற்கு 350 கிராம் உப்பு. எடுக்கும்போது வெறுமனே மொண்டு ஊற்றாமல், ரப்பர்க் குழாயால் மணலின் மேலுள்ள சளியையும் அழுக்கையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கல்லிலுள்ள பச்சை மயிரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெளியே எடுங்கள். மேயும் நத்தை நாலைந்து இருந்தால் பாதி வேலை அதனுடையது. சிவப்புச் சளி அடங்கவில்லையென்றால் அந்த மூலைக்குத் தண்ணீர் ஓட்டம் போகும்படி சின்ன மோட்டாரைத் திருப்பி வையுங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்துத் துணியால் மூடுங்கள். மீன் சாகாது, சளி குறையும். இத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு பாட்டில் மருந்தின் விலைகூட இல்லை. அதனால்தான் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லையோ என்னவோ!

கடைசியாக, பவளம். தொட்டி அழகாயிருக்க உயிருள்ள பவளம், கடல் குதிரை வேண்டும் என்று கேட்பவர்களும், கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். உயிர்க் கல் போட்டால் பாசி வராது என்றும் ஆசை காட்டுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பவளப் பூச்சிகளையும் கடல் குதிரையையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை! உயிரோடோ, செத்துக் காய்ந்த துண்டாகவோ, வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு ஆண்டு வரை போகும். பில் இல்லாத சரக்கை வாங்கினால் அபராதத்தோடு போகும் என்று பழகிய நாம் இதையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. மீன் வேண்டுமென்றால் கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் பொரித்த கோமாளி மீனைக் கேட்டு வாங்கலாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டு நடத்திக் காட்டியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்த மீன் தொட்டியில் நன்றாகப் பிழைக்கும். பவளத்துக்குப் பதில் சாதாரணச் சுண்ணாம்புப் பாறைத் துண்டும் செயற்கைக் கல்லும் போதும். பாக்டீரியா அதிலும் குடியேறும்.

நம் சங்கத்திடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். மருந்துக்கடை உறுப்பினர்கள் மீனுக்கென்று ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் மயில்துத்தத்தை எதற்கு என்று கேட்காமல் பொட்டலம் கட்ட வேண்டாம். மளிகைக்காரர்கள் கல் உப்பைக் கடல் உப்பென்று சொல்ல வேண்டாம். வண்ண மீன் விற்கும் உறுப்பினர்கள் நம்மில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கடல் தொட்டி விற்கும்போது, தொட்டியை இன்று கொடுத்து மீனை ஆறு வாரம் கழித்துக் கொடுக்க வேண்டும். "அதுவரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், வேறு ஊருக்குப் போய்விடுவார்" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஆறு மீனும் செத்துப்போனவர் அந்தக் கடைப்பக்கம் திரும்பவும் போவதில்லை. நான் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசினால் நல்லது.

இதை எழுதும் முன் அந்த ஜவுளிக்கடைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். கல் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பாக்கெட் உப்புக்கு வந்துவிட்டார்கள். மயில்துத்தம் நல்ல வேளையாக டப்பாவிலேயே இருக்கிறது. இரை டப்பாவின் சாவி மாத்திரை கேட்டுப் போன அதே பையனிடம். ஒரு கோமாளி மீனும் ஒரு நீல மீனும் மிச்சம். பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சளி இன்னும் இருக்கிறது. "போன வாரம் முழங்கை நீளம் இருந்ததுங்க" என்றான் பையன்.